பட்டியலும் இசைத்தட்டும்

1984இல் நான் போட்ட பட்டியல் ஒன்று சமீபத்தில் பழைய நோட்டு ஒன்றிலிருந்து கிடைத்தது. 'என்றைக்குமான பத்து ஆல்பங்கள்' என்று தலைப்பு. கீழே ஒன்று முதல் பத்து வரை எண்கள், எண்களுக்கு எதிரே பெயர்கள். சென்னையில் நண்பர் ஒருவரின் மாடி அறையில் ஐந்தாறு பேர் கூடி, அவரவர் பட்டியலைப் படித்துவிட்டு, விடியும்வரை சண்டை போட்டோம். எல்லோரும் எழுதுகிறவர்கள், அல்லது எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். ரிக்கார்டு பிளேயர் ஒன்றுதான். அதுவும் அறைக்காரருடையது.

இப்போது படித்தபோது வெட்கமாக இருந்தது. தேர்வு மோசம் என்பதால் அல்ல. பத்தில் நான்கை நான் அன்று முழுதாகக் கேட்டிருக்கவில்லை. இரண்டைப் பற்றிப் படித்திருந்தேன், அவ்வளவுதான். இதையாவது மன்னிக்கலாம். என்னை உறுத்துவது வேறு. என் காதை உண்டாக்கியவை ஒன்றுகூட அந்தப் பத்தில் இல்லை. சிறு வயதில் ஊரில் கல்யாண வீட்டுப் பந்தல்காலில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வரும். எங்கே போய்க்கொண்டிருந்தாலும் கால் நின்றுவிடும். அது பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று அன்று கேட்டிருந்தால், அது ஆல்பம் இல்லையே, ஒற்றைத் தட்டுதானே என்று சொல்லியிருப்பேன். அது பொய். மாடி அறையில் இருந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதுதான் காரணம்.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு திருத்தம். திருத்துவதற்கு முன்னால் ஆல்பம் என்பது என்ன, அதைப் பட்டியல் போடுவது எப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

2

ஆல்பம் என்றால் புத்தகம். நம் வீடுகளில் கல்யாணப் போட்டோ ஒட்டிவைக்கும் புத்தகத்துக்கு வழங்கும் அதே சொல்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இசை நிற்காது. பெரிய தட்டானால் நான்கரை நிமிடம். சிம்பனி ஒன்றைப் பதிய வேண்டுமானால் நான்கைந்து தட்டுகள் தேவை. அவற்றைக் காகித உறைகளில் செருகிக் கெட்டி அட்டை போட்டுப் புத்தகமாகத் தைத்து விற்றார்கள். 1909இல் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' தொகுப்பு நான்கு தட்டுகளாக இப்படி ஒரு கட்டாக வெளிவந்தது. ஆக, ஆல்பம் என்பது தொடக்கத்தில் ஒரு கலை வடிவம் அல்ல. உடையும் சாமானைச் சேர்த்து வைக்கும் வழி.

தமிழிலும் இதற்கு இணையான ஒன்று இருந்தது. நாடகங்களைப் பல தட்டுகளில் தொடர்ச்சியாகப் பதிந்து 'செட்' என்று விற்றார்கள். ஏ.வி. மெய்யப்பன் முதலானோர் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற கடைகள் இந்த வியாபாரத்தில் முன்னால் நின்றன. செட்டு வைத்திருக்கிற வீட்டுத் திண்ணையில் தெருவே கூடும். தட்டைத் திருப்புவதும் முள்ளை மாற்றுவதும் சாவி கொடுப்பதும் நிகழ்ச்சியின் பகுதியாகவே ஆகிவிட்டன. இது நம்முடைய முதல் ஆல்பம். இதை எவரும் அப்படிச் சொல்வதில்லை.

1948 ஜூனில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை, எல்.பி.யை, வெளியிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் வாசி என்று நாங்கள் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த வேகம். சரியானது முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல். அரக்கின் இடத்தில் வினைல் வந்தது. புத்தகம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு கலைஞன் நாற்பது நிமிடத்தை ஒரே உருவமாக நினைக்க முடிந்தது. எந்தப் பாட்டில் தொடங்குவது, தட்டைத் திருப்பும்போது எங்கே விடுவது என்பதெல்லாம் சிருஷ்டியின் கேள்விகளாயின. 1967இல் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' வந்தபோது, ஆல்பம் என்பது நாவல் மாதிரி தொடக்கம் முடிவு உள்ள ஒன்று என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது.

இந்த ஆல்பம் யுகம் சுமார் ஐம்பது வருஷம். காசெட்டும் குறுந்தகடும் அதைத் தொடர்ந்தன. இன்று பாட்டுகள் கம்பியில்லாமல் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. வரிசையைக் கேட்கிறவனோ இயந்திரமோ தீர்மானிக்கிறது. என்றைக்குமான ஆல்பங்கள் என்று நாம் சொல்லும்போது அந்த 'என்றைக்கும்' உண்மையில் அரை நூற்றாண்டு.

3

பட்டியலின் வரலாறு இன்னும் சுவாரசியமானது. 1942 ஜனவரி 29இல், யுத்தத்தின் நடுவில், பி.பி.சி. வானொலியில் ராய் பிளம்லி என்பவர் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். ஆளில்லாத தீவில் ஒதுக்கப்பட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று பிரபலஸ்தர்களைக் கேட்பது. இன்றும் அது ஒலிபரப்பாகிறது. பின்னாளில் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது: எட்டில் ஒன்றை மட்டும் அலையிலிருந்து காப்பாற்ற முடியுமென்றால் எது? எட்டைச் சொல்லும்வரை சிரித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தயங்குவார்கள். தேர்ந்தெடுப்பது இன்பம், வரிசைப்படுத்துவது தண்டனை.

1958இல் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் என்ற பெரிய பாடகி அந்த நிகழ்ச்சிக்கு வந்தார். எட்டில் ஏழு அவர் பாடிய தட்டுகளாகவே இருந்தன. உலகம் இன்றுவரை இதைச் சொல்லிச் சிரிக்கிறது. 1984 நோட்டைப் பார்த்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அம்மாள் பகிரங்கமாகச் செய்ததை நாங்கள் ஒளித்துச் செய்தோம். எங்கள் பட்டியல்களில் இருந்தது இசையா? இல்லை. பத்திலும் நாங்களே இருந்தோம். எப்படிப்பட்ட ஆளாகத் தெரிய வேண்டும் என்று விரும்பினோமோ அந்த ஆள்.

தனி மனிதன் போடும் பட்டியல் இது. கூட்டம் போடும் பட்டியல் வேறு ரகம். 1978இல் பால் காம்பசினி ராக் விமர்சகர்களைக் கேட்டு இருநூறு ஆல்பங்களை வரிசைப்படுத்திப் புத்தகமாக்கினார். 'சார்ஜன்ட் பெப்பர்' முதல் இடம். 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஐந்நூறு ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. அதிலும் அதுவே முதல். அப்பத்திரிகையே 2020இல் முந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் புதிதாக வாக்குக் கேட்டது. இம்முறை மார்வின் கேயின் 1971ஆம் வருஷத்து 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலில் வந்தது. 'சார்ஜன்ட் பெப்பர்' இருபத்து நான்காம் இடத்துக்குப் போயிற்று. தட்டில் ஒரு கீறல்கூடக் கூடவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், அவ்வளவே. கறுப்பர்களின் இசையைப் பின்வரிசையில் உட்காரவைத்த ஒரு தலைமுறையின் தீர்ப்பை அடுத்த தலைமுறை மாற்றியிருக்கிறது. இது நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, ரசனை வேறு. முந்நூறு பேருடைய ரசனையைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது சராசரி. அந்த ஐந்நூறையும் அதே வரிசையில் விரும்புகிற ஒரு மனிதன் பூமியில் கிடையாது.

பூமியைத் தாண்டிப் போன பட்டியலும் ஒன்று உண்டு. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பொன் பூசிய தட்டு ஒன்றை வைத்து அனுப்பினார்கள். கார்ல் சாகன் தலைமையில் ஒரு குழு தேர்ந்த இருபத்தேழு இசைத் துண்டுகள், மொத்தம் ஒன்றரை மணி நேரம். பாக்குக்கு மூன்று இடம், பீத்தோவனுக்கு இரண்டு. இந்தியாவுக்கு ஒன்று: கேசர்பாய் கேர்க்கரின் பைரவி, மூன்றரை நிமிடம். தென்னிந்தியாவுக்கு இடமில்லை. நான் இதைப் புகாராகச் சொல்லவில்லை. கேசர்பாயின் குரலைப் போகவிட்டதற்காக அந்தக் குழுவுக்கு நன்றி சொல்லலாம். அந்த மூன்றரை நிமிடம் என்ற அளவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். மணிக்கணக்கில் ராகத்தை விரிக்கும் ஒரு சங்கீதம் நட்சத்திரங்களுக்கு இடையே போவதும் பழைய அரக்குத் தட்டின் அளவில்தான்.

4

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது தொடங்குகிறது. இசைத்தட்டுகளின் பட்டியல் எதுவானாலும் அதற்கு நம் ரசனைக்கு முன்பே ஒரு தேர்வாளர் உண்டு. அது இயந்திரம்.

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு ஒலிப்பதிவு இயந்திரத்தோடு வந்தார். கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவரில் அச்சாகின. அங்கிருக்கிற தொழிலாளி எந்தச் சீட்டை எதில் ஒட்டுவது என்று தெரிந்துகொள்ள அது உதவியது. அன்றைய முறையில் மைக் கிடையாது. பெரிய கொம்புக் குழாய்க்குள் முகத்தை வைத்துக் கத்த வேண்டும். கூரான, கனத்த குரல்கள் பதிந்தன. மெல்லிய வாத்தியங்கள் பதியவில்லை. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் இந்த நிலைமை மாறியது.

வீணை தனம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் பிறந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பார். பெரிய வித்வான்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்கள். அடுத்த அறைக்கு எட்டாத நாதம். அவருடைய மத்திய வயது முழுவதும் கொம்புக் குழாயின் காலம். 1930களில், முதுமையில், சில தட்டுகள் பதிவாயின. 1938இல் காலமானார். அந்தச் சில தட்டுகளை வைத்துக்கொண்டு நாம் தனம்மாளைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் போடுவது? காஞ்சிபுரம் நயினா பிள்ளையின் கதை இதைவிடக் கடுமை. லயத்தில் அவரைப் பற்றி அத்தனை பேர் அத்தனை சொல்லியிருக்கிறார்கள். 1934இல் இறந்தார். ஒரு தட்டுகூட இல்லை. பட்டியலில் அவருக்கு எண் கிடையாது. இல்லாதவருக்கு எண் போட முடியாது என்பது சரி. ஆனால் பட்டியலைப் படிக்கிறவன், எண் இல்லாதவர் இருந்ததே இல்லை என்று எடுத்துக்கொள்கிறான்.

இயந்திரம் தேர்வு செய்வதோடு நிற்பதில்லை, திருத்தவும் செய்கிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959இல் மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக இரண்டே நாளில் பதிவானது. மார்ச் பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே தட்டின் முதல் பக்கம் முழுவதும் வாசித்த சுருதியைவிடக் கொஞ்சம் மேலே ஒலித்தது. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக உலகத்தின் பட்டியல்களில் முன்னிடங்களில் நின்றது சுருதி பிசகிய ஒரு தட்டு. ஜாஸ்காரர்கள் பலர் அதோடு சேர்ந்து வாசித்துப் பழகினார்கள். என் 1984 பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம். கால் ஸ்வரத்துக்கும் குறைவான பிசகுக்குச் சபாவில் முகம் சுளிக்கிற ஊரில் இருந்துகொண்டு நாங்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மதிப்பு நம் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால், பிறகு காது கேட்பதை நிறுத்திவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

5

அப்படியானால் பட்டியலே வேண்டாமா? நண்பர்கள் பலர் இன்று அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லாம் அவரவர் அனுபவம், எதற்கு ஒன்று இரண்டு என்று எண் போட வேண்டும் என்கிறார்கள். கேட்பதற்குப் பக்குவமாக இருக்கிறது. எனக்கு இதில் பக்குவம் தெரியவில்லை, சோம்பல் தெரிகிறது.

இந்த வழக்கு தமிழில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. க.நா.சு. பட்டியல் போட்டார். நல்ல நாவல்கள் இவை, நல்ல சிறுகதைக்காரர்கள் இவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காரணம் சொல்லாமல் பெயரைச் சொல்கிறார், விட்டதற்கும் சேர்த்ததற்கும் கணக்குக் காட்டுவதில்லை என்று அவரைத் தாக்கினார்கள். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவுக்கு அலசல்தான் விமர்சனம். வரி வரியாகப் பிரித்துக் காட்டாத மதிப்பீடு அபிப்ராயமே தவிர விமர்சனம் இல்லை. செல்லப்பா சொன்னது சரி என்றுதான் நான் வெகுகாலம் நினைத்தேன். இன்று பார்க்கும்போது, பிரபலப் பத்திரிகைகளின் விற்பனைக் கணக்கே இலக்கியத் தரவரிசையாக இருந்த காலத்தில், ஒரு தனி மனிதன் தன் பெயரை அடியில் போட்டு மாற்று வரிசை ஒன்றைச் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது. அந்தப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் நூலகத்துக்குப் போனோம். எல்லாம் நல்லதே என்று சொல்லியிருந்தால் அவரை யாரும் தாக்கியிருக்க மாட்டார்கள். நாமும் எதையும் படித்திருக்க மாட்டோம்.

ஆக எனக்கு இரண்டும் வேண்டும். எண்ணும் வேண்டும், எண்ணுக்குக் காரணமும் வேண்டும். போட்டவன் பெயரும் போட்ட வருஷமும் வேண்டும். முக்கியமாக, முழுதாகக் கேட்டவை மட்டும். இந்த நிபந்தனையோடு உட்கார்ந்தபோது பத்து தேறவில்லை. ஐந்துதான் தேறியது.

6

ஐந்து: இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட தொகுப்பு. தமிழன் ஒருவன் சினிமாவின் துணையில்லாமல் ஆல்பம் என்ற உருவத்தை முழுப் பிரக்ஞையோடு கையாண்டது இதில். காசெட்டாக வாங்கி, மாடி அறை நண்பர்களுக்குத் தெரியாமல் கேட்டேன். சினிமாக்காரர் என்ற ஒரே காரணம். பாக்கின் வயலின் பார்ட்டீட்டா ஒன்றை எடுத்துக்கொண்டு அதனோடு நம் வயலினைப் பேசவிடும் இடத்தில் இரண்டு சங்கீதங்களும் கௌரவம் குலையாமல் நிற்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி நிற்கவில்லை; சில துண்டுகளில் சாமர்த்தியம் முன்னால் வந்துவிடுகிறது. அதனால் ஐந்து.

நான்கு: 'கைண்ட் ஆஃப் புளூ', சுருதி திருத்திய பதிப்பு. இது ராகம் மாதிரி இருக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டதைத் திரும்பப் பெறுகிறேன். ராகம் வெறும் ஸ்வர வரிசை அல்ல, பிடிகளால் உருவாவது. மைல்ஸ் டேவிஸ் தன் ஆட்களுக்கு வரிசையை மட்டும் கொடுத்து, பிடிகளை அவரவர் அந்தக் கணத்தில் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார். இதன் பெருமை அதில் இருக்கிறது, நம் சாயலில் இல்லை.

மூன்று: ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்'. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் நன்சச் நிறுவனம் வெளியிட்டது. தனம்மாள் வீட்டுப் பாணியின் சாயல் பட்ட, உரத்துப் பேசாத சங்கீதம். இங்கே எல்.பி.க்காகப் பாடியவர்களில் பலர் கச்சேரியைச் சுருக்கினார்கள். இவர் சுருக்கவில்லை, குறைவாகப் பாடினார். வித்தியாசம் பெரிது. இது நமக்கு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது என்பதையும் கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு: கிளென் கூல்ட் வாசித்த பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. 1955இல் ஒரு முறை, 1981இல் மறுபடியும் பதிந்தார். முதலாவது முப்பத்தெட்டு நிமிடம், இரண்டாவது ஐம்பத்தொன்று. 1984இல் முதலாவதை முதலிடத்தில் வைத்திருந்தேன். இளமையில் வேகம் மேதைமையாகத் தெரியும். இரண்டாவதில் முப்பது மாறுபாடுகளும் ஒரே நாடித்துடிப்பின் மடங்குகளாகவும் பங்குகளாகவும் ஓடுகின்றன. காலப்பிரமாணம் என்று நாம் சொல்வதை அறிந்தவனுக்கு இது புரிய நேரமாகாது. எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

ஒன்று: ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு. ஆல்பம் இல்லைதான். எல்.பி. என்ற அளவுகோல் வேண்டுமென்பவர்கள் இதை நீக்கிவிட்டு மற்ற நான்கையும் ஒரு இடம் மேலே தள்ளிக்கொள்ளலாம். மூன்று சொச்சம் நிமிடத்தில் பதிந்த மற்ற வித்வான்கள் ராகத்தின் சுருக்கத்தைத் தந்தார்கள்: கீழே தொடங்கி, மேலே போய், இறங்கி, முடித்துவிடுவார்கள். ராஜரத்தினம் அப்படிச் செய்யவில்லை. இரவு முழுவதும் ஊர்வலம் போக இருக்கிறவர் போல் நிதானமாக ஒரு பகுதியை மட்டும் வாசிக்கிறார். தட்டு முடிந்துவிடுகிறது, அவர் முடிக்கவில்லை. இயந்திரத்தின் அளவுக்குக் கலையைக் குறைக்காத ஒரு தட்டு என்று எனக்குத் தெரிந்தது இதுதான்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் வருஷத்து சுப்ரபாதத்தை எங்கே வைப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். இந்த ஐந்தையும் சேர்த்துக் கேட்டதைவிட அதை அதிகம் கேட்டிருப்பேன். டீக்கடையிலும் கோயிலிலும் பக்கத்து வீட்டிலுமாக. ஆனால் ஒரு நாளாவது உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், தொடக்கம் முதல் கடைசிவரை கேட்டதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நிபந்தனைப்படி அதற்கு எண் போட எனக்கு உரிமை இல்லை. வரும் வாரத்தில் கேட்கப்போகிறேன்.

கேட்ட பிறகு இந்த வரிசை மாறலாம். மாறினால் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவைப்பேன். 1984ஆம் வருஷத்து நோட்டில் எண்கள் இருந்தன, காரணம் ஒன்றுக்குக்கூட இல்லை.